எந்த ஹீட்டர் கரண்ட் குறைவாக இழுக்கும்?

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹை ஸ்ட்ரீட் நார்த். தெருவின் இரண்டு பக்கமும் கீழே கடைகள், மேலே சின்னச் சின்ன ஃபிளாட்டுகள். மேலே குடியிருப்பவர்களில் படிக்க வந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர். 2025 ஜனவரியில் அப்படி ஒரு ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பிகள் இரண்டு பேர், இங்கே அவர்களுக்கு முதல் குளிர்காலம். படியேறும்போதே ஃபேன் ஹீட்டரின் இரைச்சல் கேட்டது. உள்ளே இரண்டு பேரும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஃபிளாட்டில் கேஸ் இணைப்பு கிடையாது. சமையல், குளியல், சூடு எல்லாமே கரண்ட்தான். அதுவும் முன்பணம் கட்டும் மீட்டர். சாவி மாதிரி இருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போய் டாப்-அப் செய்து, திரும்பி வந்து மீட்டரில் செருக வேண்டும். சனிக்கிழமை காலையில் போட்ட 20 பவுண்டு புதன்கிழமை காலையிலேயே தீர்ந்துவிட்டதாம்.

“அண்ணா, ஆயில் ஹீட்டர் வாங்கலாமா? இல்ல, இதே மாதிரி ஃபேன் ஹீட்டர் இன்னொண்ணு நல்லதா பாத்து வாங்கலாமா? எது கரண்ட் கம்மியா இழுக்கும்?”

ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் கேட்டேன். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல ஆள் இல்லாததால் ஒரு குளிர்காலத்தில் மூன்று ஹீட்டர் வாங்கினேன். அந்தக் கணக்கை இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் யூனிட். நம் ஊரில் கரண்ட் பில் பார்த்தவர்களுக்கு யூனிட் தெரியும். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இங்கேயும் அதே யூனிட்தான், விலை போடும் முறைதான் வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும். அதனால் ‘இந்தப் படியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்’ என்பது நமக்குப் பழகிய புத்தி. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு அப்படிப் படி கிடையாது. முதல் யூனிட்டும் ஐந்நூறாவது யூனிட்டும் ஒரே விலை. அது போக, ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் தினமும் ஏறும் ஒரு நிலைக் கட்டணம் உண்டு, ஸ்டாண்டிங் சார்ஜ் என்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் கரண்டுக்கு அது நாளுக்குச் சராசரியாக 61 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு). ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள் முன்பண மீட்டர் கடனில் நிற்பதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

விலைக்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை ஆணையம் 2019 ஜனவரியிலிருந்து உச்ச வரம்பு வைத்திருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது மாறுகிறது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு யூனிட் கரண்ட் சராசரியாக 24.86 பென்ஸ், அதே ஒரு யூனிட் சக்தி அடங்கிய கேஸ் 6.34 பென்ஸ். செய்தியில் அப்போது ‘வரம்பு 1,738 பவுண்டு’ என்று சொன்னார்கள். அது நடுத்தர அளவில் கரண்டும் கேஸும் செலவழிக்கும் ஒரு வீட்டுக்குப் போட்ட ஆண்டுக் கணக்கு. அதற்கு மேல் பில் வராது என்று நம்பி ஹீட்டரை இஷ்டத்துக்கு ஓடவிட்டவர்களை எனக்குத் தெரியும். வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக் கட்டணத்துக்கும்தான், மொத்தப் பில்லுக்கு இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள்.

கணக்கு எளிதாக இருக்கட்டும், இனி யூனிட் 25 பென்ஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

எல்லா ஹீட்டருக்கும் ஓடும் செலவு ஒன்றுதான்

தம்பிகளின் கேள்விக்கு நேரான பதில் இது. பிளக்கில் செருகி ஓடும் ஹீட்டர் எதுவாக இருந்தாலும், ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு தரும். கூடவும் தராது, குறையவும் தராது. 15 பவுண்டு ஃபேன் ஹீட்டரும் 300 பவுண்டு கண்ணாடித் தகடு ஹீட்டரும் இந்த விஷயத்தில் சமம்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்திலேயே இதை அளந்து காட்டிவிட்டார். கம்பியில் கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும். எவ்வளவு கரண்ட் உள்ளே போகிறதோ அவ்வளவும் சூடாக மாறும். ஹீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. 1905இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் சீக்கிரம் உருகாது, துருப்பிடித்து உதிராது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை அதுதான். ஃபேன் ஹீட்டரின் விசிறி கொஞ்சம் கரண்ட் எடுக்கிறதே என்றால், அந்த விசிறி கலக்கிய காற்றின் ஓட்டமும் கடைசியில் அறைக்குள்ளேயே சூடாகத்தான் முடிகிறது. ஹாலஜன் ஹீட்டரின் வெளிச்சமும் சுவரில் பட்டுச் சூடாகிறது. வீணாகப் போக வேறு இடமே இல்லை.

அதனால் ஹீட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் போதும். 2,000 வாட் என்றால் முழு வேகத்தில் மணிக்கு 50 பென்ஸ். 1,200 வாட் என்றால் 30 பென்ஸ். 500 வாட் என்றால் 12.5 பென்ஸ். குளிர் தொடங்கியதும் செல்போனில் ஒரு விளம்பரம் வரும்: சுவரில் செருகும் சின்னப் பெட்டி, பத்தே நிமிடத்தில் வீடு முழுவதும் சூடு, செலவு சில பென்ஸ்தான் என்று. அது 500 வாட் பெட்டி. செலவு குறைவு என்பது உண்மை, ஏனென்றால் சூடும் அவ்வளவு குறைவு. ஃபேன் ஹீட்டரைக் கால்வாசி நேரம் ஓட்டினால் அதே காசில் அதே சூடு கிடைக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டு காசை எண்ணிப் பார்க்கும் ஆளிடம் இப்படிப் பொய் சொல்லி விற்பது எனக்கு ஆத்திரம் வரவைக்கும் விஷயம்.

அப்படியானால் பில்லில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அறையிலிருந்து வருகிறது.

அறை எவ்வளவு குடிக்கிறது

தம்பிகளின் அறையையே எடுத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம். வெளியே பார்த்த சுவர் ஒன்றுதான், அதில் சுமார் பத்துச் சதுர மீட்டர் வெளிக்குளிரைத் தொடுகிறது. அந்தப் பத்தில் இரண்டு சதுர மீட்டர் ஜன்னல், பழைய இரட்டைக் கண்ணாடி. கட்டடம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919க்கு முன் கட்டியது. அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத முழுச் செங்கல், ஒன்பது அங்குலம். பார்க்கக் கோட்டை மாதிரி இருக்கும், குளிருக்குச் சல்லடைதான்.

வெளியே 5 டிகிரி, உள்ளே 19 டிகிரி வேண்டும் என்று வையுங்கள். வித்தியாசம் 14. அப்படிப்பட்ட சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 2 வாட் வெளியே விடும். எட்டுச் சதுர மீட்டர் சுவர் 224 வாட். ஜன்னல் இன்னும் மோசம், ஆனால் சிறியது, சுமார் 78 வாட். கதவடி, ஜன்னல் இடுக்கு, பழைய தரைப்பலகை வழியாக மணிக்கு ஒரு முறை அறைக்காற்று முழுவதும் மாறுகிறது என்றால் அதற்கு 139 வாட். பக்கத்து அறைகளும் கீழே உள்ள கடையும் ஓரளவு சூடாக இருந்தால், மொத்தம் 440 வாட்.

அதாவது அந்த அறையை 19 டிகிரியில் வைத்திருக்க மணிக்கு அரை யூனிட்டுக்கும் குறைவாகவே போதும். 11 பென்ஸ். எந்த ஹீட்டர் வைத்தாலும் அதே 11 பென்ஸ். அப்புறம் ஏன் இவர்களின் ஃபேன் ஹீட்டர் 2,000 வாட்டும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது?

காரணம் சுவரும் சாமானும். அறைக்குள் இருக்கும் காற்றை மட்டும் 5 டிகிரியிலிருந்து 19க்குக் கொண்டுவர 0.14 யூனிட் போதும், நாலு நிமிட வேலை, மூன்றரை பென்ஸ். அதனால்தான் ஃபேன் ஹீட்டர் போட்டதும் ஆகா என்றிருக்கும். ஆனால் செங்கல், கட்டில், மெத்தை, அலமாரி எல்லாம் பகல் முழுவதும் குளிர்ந்து கிடக்கின்றன. அவை அந்தச் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஹீட்டரை அணைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஜில்லென்று ஆகிவிடும். ஆகவே அணைக்காமல் விடுகிறார்கள். வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டரைத் தானாக அணைப்பது தெர்மோஸ்டாட். மலிவான ஃபேன் ஹீட்டரில் அது எண்ணே இல்லாத ஒரு திருகுக் குமிழ். அதைக் கடைசிவரை திருகி வைத்துவிட்டால் அறை 24 டிகிரி ஆனாலும் அது நிற்காது. தம்பிகள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணி நேரம், காலை ஒரு மணி நேரம், நாளுக்கு 12 யூனிட்.

ஆயில் ஹீட்டர் இந்த இடத்தில்தான் உதவுகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, வருடக் கணக்கில் அதே எண்ணெய்தான். தடித்த தோசைக்கல் மாதிரி, காய நேரம் எடுக்கும், காய்ந்தபின் சூடு மெல்ல இறங்கும். ‘அணைத்த பிறகும் அரை மணி நேரம் இலவசமாகச் சூடு தருது’ என்று சொல்வார்கள். இலவசம் இல்லை, அந்தச் சூட்டுக்கு முதல் அரை மணி நேரத்தில் காசு கொடுத்தாகிவிட்டது. ஆனால் எண் காட்டும் தெர்மோஸ்டாட்டும் டைமரும் வைத்த ஆயில் ஹீட்டரை 18இல் நிறுத்திவைத்தால் அது தானாக அணைந்து தானாக எரியும். சேமிப்பு அந்தத் தெர்மோஸ்டாட்டால் வருவது, எண்ணெயால் இல்லை. ஃபேன் ஹீட்டரிலேயே நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் அதற்கும் இதே பில்தான். கன்வெக்டர், சுவரில் மாட்டும் பேனல் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதை.

ஹாலஜன் ஹீட்டர் கொஞ்சம் வேறு சாதி. அது காற்றைச் சூடாக்குவதைவிட எதிரே இருப்பவரை நேராகச் சூடாக்குகிறது, வெயிலில் நிற்கிற மாதிரி. ஒரு குழாயை மட்டும் எரியவிட்டால் 400 வாட், மணிக்கு 10 பென்ஸ். மேசையில் உட்கார்ந்து படிக்கும் ஒரு ஆளுக்கு அறை 15 டிகிரியில் இருந்தாலும் அது போதும். இரண்டு பேர் அறையில் நடமாடிக்கொண்டிருந்தால் உதவாது.

இன்னொரு கேள்வியும் கூடவே வரும்: நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் விட்டுவைப்பது மலிவா, வரும்போது போட்டுக்கொள்வது மலிவா? இந்த ஹீட்டர்களில் வரும்போது போட்டுக்கொள்வதுதான் மலிவு. உள்ளும் வெளியும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அந்த அளவுக்குச் சூடு வெளியே ஓடுகிறது. ஆள் இல்லாத வீட்டைச் சூடாக வைத்திருந்தால் அத்தனை நேரமும் தெருவைச் சூடாக்குகிறோம்.

ஆளைச் சூடாக்குவது

கம்பளிப் போர்வைக்குள் கம்பி வைத்துத் தைத்த மின்போர்வை ஒன்று இங்கே கிடைக்கும். சோபாவில் உட்கார்ந்து மேலே போர்த்திக்கொள்வது ஒரு வகை, மெத்தைமேல் விரிப்பது இன்னொரு வகை. சுமார் 100 வாட். மணிக்கு இரண்டரை பென்ஸ். ஃபேன் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடும் காசில் இது இருபது மணி நேரம் ஓடும். கரண்டைச் சூடாக மாற்றுவதில் இதற்கு எந்தத் தனித் திறமையும் இல்லை. 30 கன மீட்டர் காற்றையும் எட்டுச் சதுர மீட்டர் செங்கல்லையும் விட்டுவிட்டு ஒரே ஒரு உடம்பைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான்.

2022 அக்டோபரில் யூனிட் விலை 34 பென்ஸுக்குப் போனது, அதுவும் அரசாங்கம் தலையிட்டு நிறுத்திப் பிடித்த பிறகு. அந்தக் குளிர்காலத்தில் நூலகங்களும் தேவாலயங்களும் ‘வந்து உட்கார்ந்து சூடு காயுங்கள்’ என்று கதவைத் திறந்து வைத்தன. என் வீட்டில் நாங்கள் மூன்று மின்போர்வை வாங்கினோம். மாலை நாலு மணிக்கே லண்டன் இருட்டிவிடும். திரைச்சீலைகளை இழுத்து மூடி, கதவடியில் பழைய புடவையைச் சுருட்டி அண்டக்கொடுத்து, போர்வைக்குள் உட்கார்ந்து பிள்ளைகள் பாடம் எழுதினார்கள். அந்தப் புடவையும் ஒரு ஹீட்டர்தான். மேலே போட்ட கணக்கில் காற்று மாறுவதைப் பாதியாகக் குறைத்தால் 70 வாட் மிச்சம், குளிர்காலம் முழுக்க.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆளை மட்டும் சூடாக்கி அறையை அப்படியே விட்டால் சுவரில் ஓதம் ஏறும். நம் சமையலில் ஆவி அதிகம். இட்லிப் பானை, சோறு வடிப்பது, ரசம் கொதிப்பது, போதாதற்குத் துணியையும் அறைக்குள்ளேயே காயப்போடுவோம். அத்தனை ஈரமும் குளிர்ந்த சுவரில் தண்ணீராக இறங்கும், பிறகு அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. 2020 டிசம்பரில் ராச்டேலில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் பூஞ்சை பிடித்த வாடகை வீட்டில் மூச்சுக்கோளாறு வந்து இறந்துபோனான். அவன் பெயரில்தான் இன்று சட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் (உள்ளாட்சியும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடுபவை) ஓதமும் பூஞ்சையும் குறித்த நேரத்துக்குள் சரிசெய்யப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் 18 டிகிரியாவது வேண்டும் என்கிறது. கைக்குழந்தையோ வயதானவர்களோ ஆஸ்துமாக்காரரோ இருக்கும் வீட்டில் அந்த 18ஐ விட்டுக்கொடுத்துக் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. சமைக்கும்போது பானையை மூடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைப் பத்து நிமிடம் திறங்கள். ஓடிப்போகும் சூடு சில பென்ஸ்தான்.

சுவரோரம் இருந்த செங்கல் பெட்டி

பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பிகளின் அறையில் சுவரோரமாக ஒரு பழைய வெள்ளைப் பெட்டி என் கண்ணில் பட்டது. இடுப்புயரம், மேலே துணி உலர்த்தியிருந்தார்கள். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

“அது ரிப்பேர் அண்ணா. சாயங்காலம் தொட்டா ஜில்லுனு இருக்கும். கரண்ட் வேற இழுக்கும்னு சொன்னாங்க, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டோம்.”

துணியை எடுத்துவிட்டு மேல் மூடியைத் திறந்தேன். இரண்டு குமிழ்கள். இடது பக்கம் உள்ளீடு, வலது பக்கம் வெளியீடு. வெளியீட்டுக் குமிழ் 6இல், முழுக்கத் திறந்திருந்தது. பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்லை, அதை ஓட்டும் விதத்தை யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை.

அது ஸ்டோரேஜ் ஹீட்டர். உள்ளே அடுக்கடுக்காகக் கனமான செங்கல், நடுவில் கம்பிச் சுருள். இரவில் கரண்ட் மலிவாக இருக்கும்போது செங்கல்லைப் பல நூறு டிகிரிக்குக் காய்ச்சி வைத்துக்கொண்டு, மறுநாள் முழுக்கச் சூட்டை மெல்ல விடும். பிரிட்டனில் எக்கானமி 7 என்ற இரட்டை விலைத் திட்டம் 1978இல் வந்தது. நள்ளிரவு தாண்டி ஏழு மணி நேரம் யூனிட் மலிவு, மற்ற நேரம் சாதாரண விலையைவிட அதிகம். பெரிய கரண்ட் நிலையங்களை இரவில் சட்டென்று அணைக்க முடியாது, வாங்க ஆள் குறைவு, அதனால் விலையைக் குறைத்து விற்றார்கள். எந்த நேரம் எந்த விலை என்று மீட்டருக்குச் சொல்லப் பல வீடுகளில் பிபிசியின் நீளலை வானொலி அலைவரிசையோடு ஒரு சமிக்ஞையைக் கலந்து அனுப்பினார்கள். பிபிசி ரேடியோ 4 கேட்ட அதே 198 கிலோஹெர்ட்ஸ். அந்த ஏற்பாட்டை 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். பழைய மீட்டர் வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட் மீட்டருக்கு மாறாவிட்டால் ஹீட்டர் தவறான நேரத்தில் காயலாம், காயாமலே போகலாம்.

தம்பிகளின் மீட்டரைப் பார்த்தேன். பொத்தானை அமுக்க அமுக்க இரண்டு விலைகள் வந்தன. பகல் விலை 30 பென்ஸுக்குப் பக்கம், இரவு விலை அதில் பாதி. அதாவது இவர்கள் மூன்று மாதமாக மலிவு நேரத்தில் காய வேண்டிய பெட்டியை அணைத்துவிட்டு, விலை கூடிய நேரத்தில் ஃபேன் ஹீட்டரை ஓட்டியிருக்கிறார்கள். 12 யூனிட், 30 பென்ஸ், நாளுக்கு 3 பவுண்டு 60. நிலைக் கட்டணமும் சமையலும் சேர்ந்தால் 20 பவுண்டு நாலு நாள்தான் தாங்கும்.

குமிழ்களின் கதை இவ்வளவுதான். உள்ளீடு என்பது இரவில் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பது. நாளைக்குக் கடும் குளிர் என்றால் இன்று படுக்கும்முன் ஏற்றி வைக்க வேண்டும், இதமான நாள் என்றால் குறைக்க வேண்டும். வெளியீடு என்பது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கதவு. அது திறந்திருந்தால் செங்கல்லின் சூடு வேகமாக வெளியே வரும். படுக்கும்போது அதை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் இரவில் காய்ச்சக் காய்ச்சவே சூடு வெளியேறும், விடிகாலையில் அறை சுடும், மாலை வீடு திரும்பும்போது பெட்டி ஜில்லென்று இருக்கும். இவர்கள் ரிப்பேர் என்று நினைத்தது இதைத்தான். காலையில் வெளியே போகும்போது மூடியே இருக்கட்டும், மாலை வந்ததும் திறந்தால் போதும்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. பகலில் வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர், ஸ்டோரேஜ் ஹீட்டர் இல்லாமல் எக்கானமி 7 மட்டும் வைத்திருப்பவர், நஷ்டப்படுவார். மொத்த யூனிட்டில் பத்தில் நாலு பங்காவது இரவில் ஓடினால்தான் இந்தத் திட்டம் கட்டுப்படியாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. புது வீட்டுக்குப் போனதும் மீட்டரில் இரண்டு எண் வருகிறதா என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் யாரும் எழுதித் தருவதில்லை.

கேஸும் ஹீட் பம்பும்

தண்ணீரைக் காய்ச்சி ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்பும் கேஸ் பாய்லர் இருக்கும் வீட்டில் இத்தனை யோசனை தேவையில்லை. 6.34 பென்ஸ் கேஸில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகப் போனாலும், ஒரு யூனிட் சூடு ஏழு, ஏழரை பென்ஸுக்குக் கிடைத்துவிடும். கரண்ட் ஹீட்டரில் அது 25. ஒரே ஒரு அறையில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும் என்றால் ஹீட்டர் பரவாயில்லை. இரண்டு மூன்று அறைக்கு, மாலை முழுக்க என்றால் பாய்லரைப் போட்டுவிட்டு, ஆள் இல்லாத அறை ரேடியேட்டர்களின் வால்வை மூடிவிடுவதே நல்லது.

ஒரே நாட்டில் கரண்ட் ஏன் கேஸைப் போல நாலு மடங்கு விலை? கரண்ட் சந்தையில் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் தேவைப்படும் கடைசி, அதிக விலை நிலையத்தின் விலையே எல்லோருக்கும் விலையாகிறது. பிரிட்டனில் அந்தக் கடைசி நிலையம் பெரும்பாலான நேரம் கேஸில் ஓடுவது. கேஸை எரித்துக் கரண்ட் ஆக்கும்போதே பாதிக்குப் பக்கம் வீணாகிறது. அதன்மேல் கம்பிச் செலவு. அதற்கும் மேல், காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் கொடுத்த ஆதரவின் பாரத்தைப் பல வருடங்களாகக் கேஸ் பில்லைவிடக் கரண்ட் பில்லில்தான் அதிகம் ஏற்றினார்கள். கேஸ் இணைப்பு இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர், பெரும்பாலும் கையில் காசு குறைவாக இருப்பவர், அந்தப் பாரத்தை அதிகம் சுமந்தார். இது நியாயம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

‘ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்’ விதியைத் தாண்டும் சாமான் ஒன்று உண்டு. ஹீட் பம்ப். நம் ஊர் ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா, அதைத் திருப்பிப் போட்டால் வெளியே இருக்கும் 5 டிகிரிக் காற்றிலிருந்துகூடச் சூட்டை எடுத்து உள்ளே தள்ளும். கரண்ட் சூடாக மாறுவதைவிட, இருக்கும் சூட்டைச் சுமக்கக் கூலியாகச் செலவாகிறது. அரசு நிதியில் 742 வீடுகளில் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு யூனிட் கரண்டுக்கு நடுவாக 2.8 யூனிட் அளவில் சூடு கிடைத்தது. அப்படியென்றால் ஒரு யூனிட் சூடு சுமார் 9 பென்ஸ். கேஸை எட்டிப்பிடிக்கிற தூரம். சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுண்டு மானியம் உண்டு. வாடகைக்கு இருப்பவர் கையில் அந்த முடிவு இல்லை.

ஆபத்து பற்றி ஒரு சொல். இங்கே ஒரு பிளக் 13 ஆம்பியர், சுமார் 3,000 வாட் வரைதான். ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். நாலு துளை எக்ஸ்டென்ஷனில் ஹீட்டரையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துச் செருகி, பிளாஸ்டிக் உருகி நின்ற ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். துணியிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஹீட்டர்மேல் துணி உலர்த்தாதீர்கள். தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

அன்று இரவு தம்பிகளின் ஸ்டோரேஜ் ஹீட்டர் சுவிட்சைப் போட்டு, உள்ளீட்டை நடுவில் வைத்து, வெளியீட்டை மூடிவிட்டு வந்தேன். சின்ன அளவுப் பெட்டி அது, 1,700 வாட். ஏழு மணி நேரம் முழுக்கக் காய்ந்தால் 12 யூனிட், நடுவில் வைத்தால் எட்டுப் போல. எட்டு யூனிட் இரவு விலையில் 1 பவுண்டு 20. ஆயில் ஹீட்டர் வாங்க வைத்திருந்த காசில் இரண்டு மின்போர்வை வாங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் மறுபடி போனபோது ஜாக்கெட் ஆணியில் தொங்கியது. 20 பவுண்டு ஏழெட்டு நாள் வருகிறதாம். பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், பெரிய எழுத்தில்: ‘தூங்கும் முன் வலது குமிழை 1க்குத் திருப்பவும். நாளைக்கு என்ன குளிர் என்று பார்த்து இடது குமிழை வைக்கவும்.’ அடுத்து அந்த அறைக்கு வரப்போகிறவர்களுக்கும் இருக்கட்டும் என்று கீழே இங்கிலீஷிலும் எழுதியிருந்தார்கள்.